குவேசார் ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா? முதல்ல லைனை முடிவு பண்ணுங்க, டெலஸ்கோப் அப்புறம்

போன மாசம் எங்க அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. திருச்சியில எம்.எஸ்சி ஃபிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், நாலாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஆக்டிவ் கேலக்ஸியோட எமிஷன் லைன்தான்னு முடிவோட வந்திருக்கா. ஆக்டிவ் கேலக்ஸின்னா நடுவுல இருக்கிற கருந்துளை வாயுவை இழுத்துப் பளபளக்கிற கேலக்ஸி, அதுல ரொம்ப பிரகாசமானதுதான் குவேசார். எமிஷன் லைன்னா அதோட வெளிச்சத்தை அலைநீளமா பிரிச்சா (அதான் ஸ்பெக்ட்ரம்) பளிச்சுனு தெரியற கோடு. களத்துல குறுவை நெல்லு காயுது, மேகம் வேற திரண்டுக்கிட்டு வருது, தார்ப்பாயைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம், அப்பதான் கேட்டா, "சித்தி, உங்க டெலஸ்கோப்புல மாடியிலேர்ந்தே எடுத்துரலாமா, இல்ல நெட்ல கெடக்குற டேட்டாவை எறக்கிப் பண்றதா, இல்ல காவலூர்ல இருக்கிற பெரிய டெலஸ்கோப்புக்கு எழுதிக் கேக்கச் சொல்லவா எங்க சார்கிட்ட?"

நல்ல கேள்விதான், ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை நிறைய பேர் விட்டுடுறாங்க. எந்த லைன்? நம்ம ஊர்ல ஆடுதுறை 43 மாதிரி குறுகிய கால ரகமா, சாவித்திரி மாதிரி நீண்ட கால ரகமான்னு முடிவு பண்ணாம யாரும் நாத்தங்காலுக்குப் போறதில்ல, எத்தனை நாளைக்குத் தண்ணி வேணும், எப்ப அறுப்பு, மழையில மாட்டுமா மாட்டாதான்னு எல்லாமே ரகத்துலேர்ந்துதான் வருது. இதுவும் அப்படித்தான். எந்த லைனை அளக்கப் போறோம்னு தெரிஞ்சா எந்த ரெட்ஷிஃப்ட்னு (பிரபஞ்சம் விரியறதால வெளிச்சம் சிவப்புப் பக்கம் நகர்ற அளவு, கூடக் கூட தூரமும் கூடும்) தெரியும், ரெட்ஷிஃப்ட் தெரிஞ்சா எவ்வளவு மங்கலா இருக்கும்னு தெரியும், அது தெரிஞ்சா மாடியா காவலூரான்னு கேக்கவே வேண்டாம். அவளுக்கு அன்னிக்கு ராத்திரி சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், டெல்டா பக்கத்துக் காலேஜ்கள்ல இதே யோசனையோட இருக்கிற பிள்ளைங்களுக்கும் உதவும்.

புதுசா வர்றவங்களுக்காக அடிப்படையை வேகமா சொல்லிடுறேன். சாதாரண கேலக்ஸியோட ஸ்பெக்ட்ரம் நட்சத்திரங்களோட கூட்டு வெளிச்சம், அதுல கருப்புக் கோடுங்கதான் நிறைய. ஆக்டிவ் கேலக்ஸியில நடுவுல இருக்கிற கருந்துளையைச் சுத்தி வாயு விழுந்துக்கிட்டே சூடாகி அல்ட்ரா வயலட்டும் எக்ஸ்ரேவும் கக்குது, அது பக்கத்து வாயுவை அயனியாக்குது, அந்த வாயு குறிப்பிட்ட அலைநீளங்கள்ல மட்டும் பளிச்சுனு ஒளி விடுது, அதான் எமிஷன் லைன். 1908ல ஃபாத் லிக் அப்சர்வேட்டரியில என்.ஜி.சி 1068ல இதைப் பாத்தாரு, 1943ல கார்ல் சீஃபர்ட் இந்த மாதிரி கேலக்ஸிகளை ஒரு வகையா சேர்த்து எழுதினாரு, 1963ல மார்ட்டன் ஷ்மிட் 3சி 273ன்னு நட்சத்திரம் மாதிரி தெரிஞ்ச ஒண்ணோட புரியாத கோடுங்களைப் பாத்துட்டு, இது ஹைட்ரஜன்தான், 16 சதவீதம் சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருக்குன்னு கண்டுபிடிச்சாரு. லைன்ல ரெண்டு வகை. கருந்துளைக்குப் பக்கத்துல வேகமா சுத்துற அடர்த்தியான வாயுவுலேர்ந்து வர்றது அகல லைன், வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம் (வாயுவோட வேகம்தான் கோட்டை அகலமா பரப்புது, அதனால அகலத்தை வேகமாவே சொல்றது). ரொம்ப தள்ளி மெல்லிசா கெடக்குற வாயுவுலேர்ந்து வர்றது குறுகின லைன், சில நூறு கிலோமீட்டர்.

சரி, இப்ப லைனுக்கு வருவோம். போட்டியில நாலு இருக்கு, ஹெச்-ஆல்ஃபா, ஹெச்-பீட்டா (இந்த ரெண்டும் ஹைட்ரஜனோடது), மெக்னீசியம்-டூ, கார்பன்-ஃபோர்.

எனக்கு ஹெச்-பீட்டாதான் முதல் சாய்ஸ், ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. ஆய்வுக்கூடத்துல 4861 ஆங்ஸ்ட்ரம் (அலைநீள அளவு, ஒரு மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு). அது தனியா வராது, பக்கத்துலயே 4959, 5007ன்னு ஆக்சிஜனோட ரெண்டு லைன் (ஓ-த்ரீன்னு சொல்றது) காவலுக்கு நிக்கிற மாதிரி நிக்கும். இந்த ரெண்டும் தடை செய்யப்பட்ட லைனுங்க, அயனி தூண்டப்பட்ட நெலையில ரொம்ப நேரம் இருந்துதான் அந்த ஒளியை விடும், அதுக்குள்ள இன்னொரு எலக்ட்ரான் வந்து மோதிட்டா ஒளி விடாமலே எறங்கிடும். அதனால ஒரு கன சென்டிமீட்டர்ல சுமார் 7 லட்சம் எலக்ட்ரானுக்கு மேல அடர்த்தி போனா ஓ-த்ரீ அடங்கிப் போயிடும். அகல லைன் வர்ற இடத்துல அடர்த்தி நூறு கோடிக்கு மேல. அதான் ஹெச்-பீட்டா அகலமா வர்ற கேலக்ஸியில கூட ஓ-த்ரீ குறுகலாவே நிக்குது. ஒரே படத்துல, சில நூறு ஆங்ஸ்ட்ரம் இடைவெளிக்குள்ள, கருந்துளைக்குப் பக்கத்து வாயுவையும் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கிற வாயுவையும் சேர்த்துப் பாக்குறோம், இதை முதல் தடவை ஃபிட் பண்ணி (லைனோட வடிவத்துக்குக் கணக்கு வளைவைப் பொருத்தி) பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, இப்பவும் வகுப்புல சொல்லும்போது அதே சிலிர்ப்புதான். இன்னொரு வசதி, 5007க்கும் 4959க்கும் உள்ள பலம் எப்பவுமே மூணுக்கு ஒண்ணு, அது அணுவோட கணக்கு, கேலக்ஸிக்கு கேலக்ஸி மாறாது. நீங்க பண்ணின ஃபிட்ல அது ஒண்ணரைக்கு ஒண்ணுன்னு வந்தா தப்பு உங்க கோட்லதான் இருக்கு, ப்ரொஃபசர்கிட்ட போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

ஹெச்-பீட்டாவுல ஒரு தொல்லை, இரும்பு. எஃப்.ஈ-டூன்னு சொல்ற இரும்பு அயனியோட நூத்துக்கணக்கான லைனுங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ரெண்டு பக்கமும் மேடு மாதிரி எழும்பும், அதைக் கழிக்காம விட்டா ஹெச்-பீட்டாவோட கால் எங்க முடியுதுன்னே தெரியாது. இதுக்கு ஐ இசட்.டபிள்யூ 1ங்கிற கேலக்ஸியிலேர்ந்து எடுத்த இரும்பு டெம்ப்ளேட் (மாதிரி வடிவம்) இருக்கு, அதை அகலப்படுத்தி, உயரத்தைச் சரி பண்ணிக் கழிக்கணும். தொல்லைன்னு சொன்னேனே, அதுக்குள்ளேயே ஒரு முழு ப்ராஜெக்ட் கெடக்கு. 1992ல போரோசனும் க்ரீனும் 87 குவேசாரை எடுத்துப் பாத்து, இரும்பு பலமா இருந்தா ஓ-த்ரீ பலவீனமா இருக்குன்னு காமிச்சாங்க. இதையே பெரிய மாதிரியில நீங்களே திரும்பப் போட்டுப் பாக்கலாம், எம்.எஸ்சி அளவுக்கு அருமையான வேலை.

ஹெச்-ஆல்ஃபா ஹெச்-பீட்டாவை விட மூணு மடங்கு போல பலம், பாக்க ஈஸி, ஆனா ரெட்ஷிஃப்ட் 0.4 தாண்டினா பழைய சர்வே ஸ்பெக்ட்ரம்ல எல்லைக்கு வெளியில போயிடும், பக்கத்துல நைட்ரஜன் லைன் ரெண்டும் ஒட்டிக்கும். பக்கத்து சீஃபர்ட் கேலக்ஸிகளுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

மெக்னீசியம்-டூ 2798 ஆங்ஸ்ட்ரம், அல்ட்ரா வயலட், அதனால ரெட்ஷிஃப்ட் ஆகி நகர்ந்து வந்தாதான் தரையிலேர்ந்து பாக்க முடியும், சுமார் 0.4லேர்ந்து 2.2 வரைக்கும் வசதி. ஹெச்-பீட்டாவோட அகலத்துக்கும் இதோட அகலத்துக்கும் நல்ல ஒத்துமை இருக்கு, நம்பலாம். இரும்புத் தொல்லை இங்கேயும் உண்டு, சொல்லப்போனா கூடுதல்.

கார்பன்-ஃபோர் 1549. ரெட்ஷிஃப்ட் ஒண்ணரையிலேர்ந்து அஞ்சு கிட்ட வரைக்கும் இதுதான் கைக்கு எட்டுற லைன், ரொம்ப தூரத்து, ரொம்ப பழைய குவேசார்னு கேக்கும்போதே பிள்ளைங்களுக்கு ஆசை வருது, எனக்குப் புரியுது. ஆனா முதல் ப்ராஜெக்டுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்த லைனை விடுற வாயு பாதி காத்தா வீசுது, கருந்துளையோட ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுச் சுத்தாம கதிர்வீச்சு தள்ளித் தள்ளி வெளியில ஓடுது, அதனால லைன் முழுசாவே நீலப் பக்கம் நகர்ந்திருக்கும், சிலதுல வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. அகலத்தை அளந்து கருந்துளை எடையைக் கணக்குப் போட்டா, சுத்துற வேகத்தை அளந்தோமா காத்தோட வேகத்தை அளந்தோமான்னு சொல்ல முடியாது. எடை கேக்காம, பால்ட்வின் 1977ல சொன்ன விஷயத்தை (பிரகாசம் ஏற ஏற கார்பன்-ஃபோரோட ஈக்விவலென்ட் விட்த், அதாவது பின்னணியோட ஒப்பிட்டா லைனுக்கு உள்ள பலம், குறையுது) சோதிச்சுப் பாக்கணும்னா கார்பன்-ஃபோர்தான் சரியான லைன், அப்ப தாராளமா எடுங்க.

எடை கணக்கு எங்கேர்ந்து வருதுன்னு அவ கேட்டா. மேட்டூரை நெனைச்சுக்கன்னேன். வழக்கப்படி ஜூன் 12 அங்க தெறப்பாங்க, மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துரும், நம்ம கடைமடைக்கு வர அதுக்கு மேல எத்தனையோ நாள் ஆகும். தண்ணி ஓடுற வேகம் தெரிஞ்சு, எத்தனை நாள் கழிச்சு நம்ம வாய்க்கால்ல வந்துச்சுன்னும் தெரிஞ்சா மேப் இல்லாமலே தூரத்தைச் சொல்லிடலாம்ல? குவேசார்லயும் நடுவுல வெளிச்சம் கூடினா, சுத்தி இருக்கிற வாயு சில நாள் கழிச்சுதான் பிரகாசமாகும், ஏன்னா வெளிச்சம் அங்க போய்ச் சேரணும். ரிவெர்பரேஷன் மேப்பிங், 1982ல ப்ளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் கணக்கா எழுதி வச்சது. என்.ஜி.சி 5548ல 1980கள் கடைசியில அளந்தப்ப ஹெச்-பீட்டா சுமார் 20 நாள் பின்னாடி வந்துச்சு, அப்படின்னா வாயு 20 ஒளி நாள் தள்ளி. இப்படி பல கேலக்ஸியில பாத்ததுல பிரகாசத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி இந்தத் தூரம் கூடுதுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் காத்திருக்கவே வேண்டாம், ஒரே ஒரு ஸ்பெக்ட்ரம் போதும், பிரகாசத்துலேர்ந்து தூரம், லைன் அகலத்துலேர்ந்து வேகம், ரெண்டும் சேந்தா எடை.

வெஸ்டர்கார்டும் பீட்டர்சனும் 2006ல குடுத்த ஹெச்-பீட்டா ஃபார்முலாவை வாயாலயே சொல்லிடுறேன். 6.91ஐ எடுத்துக்குங்க, லைன் அகலத்தை வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அலகுல மாத்தி லாக் எடுத்து ரெண்டால பெருக்கிக் கூட்டுங்க, 5100 ஆங்ஸ்ட்ரம்ல உள்ள பிரகாசத்தை 10இன் அடுக்கு 44 எர்க்/வினாடியால வகுத்து லாக் எடுத்து அதுல பாதியைக் கூட்டுங்க, வர்றது சூரிய எடையில லாக். அகலம் 4000, பிரகாசம் 10இன் அடுக்கு 45ன்னா 6.91, அதோட 1.20, அதோட 0.5, மொத்தம் 8.61, அதாவது சுமார் 40 கோடி சூரியன். அவ ஃபோன் கால்குலேட்டர்லயே போட்டுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

இந்தக் கணக்குல ரெண்டரை மூணு மடங்கு தப்பு வரலாம்னு முதல் பக்கத்துலயே எழுதிடணும், மறைக்கக் கூடாது. 3சி 273க்கே ரிவெர்பரேஷன்ல சுமார் 89 கோடி சூரியன்னு வந்துச்சு, 2018ல சிலியில பரனல்ல நாலு 8 மீட்டர் டெலஸ்கோப்பை இணைச்சு கிராவிட்டிங்கிற கருவியோட குழு நேரடியா அந்த வாயு சுத்துறதை அளந்தப்ப சுமார் 26 கோடின்னு வந்துச்சு, தூரம் 145 ஒளி நாள் அளவு. ரெண்டுமே கவனமா பண்ணின வேலை, அப்படியும் இவ்வளவு வித்தியாசம்.

லைன் முடிவாயிடுச்சு, ஹெச்-பீட்டா ப்ளஸ் ஓ-த்ரீ, ரெட்ஷிஃப்ட் 0.1லேர்ந்து 0.7 வரை. இப்ப அவ கேட்ட கேள்விக்கு வரலாம்.

மாடி. நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல இருக்கேன், ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் எடுக்குறேன். 2018 நவம்பர் 16 கஜா அடிச்சதுல எங்க கொல்லையில இருந்த தென்னை அத்தனையும் சாஞ்சுது, எங்க மாமனார் நட்டது, சிலதுக்கு நாப்பது வயசு. கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கார்த்திகை அமாவாசைக்கு வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்தோம், கெழக்கே மரமே இல்லாம வானம் தரையைத் தொடுது, சுத்துவட்டாரத்துல ஒரு பல்பு கெடையாது. அவ்வளவு நட்சத்திரத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அழுகையும் வந்துச்சு, பாத்துக்கிட்டே இருக்கணும்னும் இருந்துச்சு. ரெண்டு வருஷம் சேத்து வச்சு 8 இன்ச் நியூட்டோனியன், ஈக்வடோரியல் மவுண்ட், அப்புறம் ஸ்டார் அனலைசர் 100ன்னு ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கிரேட்டிங் (வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிக்கிற கண்ணாடி) வாங்கினேன், ஃபில்டர் மாதிரி கேமராவுக்கு முன்னாடி திருகி மாட்டிக்கலாம். மவுண்டும் கேமராவும் சேத்தா லட்சக்கணக்குல ஆயிடும், ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக யாரும் வாங்க வேண்டாம், தெரிஞ்சவங்ககிட்ட இருந்தா பயன்படுத்துங்க.

மாடியிலேர்ந்து என்ன கெடைக்கும்? நெசமா சொன்னா ஒரே ஒரு குவேசார், 3சி 273, 13 மேக்னிட்யூட் கிட்ட (பிரகாச அளவு, எண் கூடினா மங்கல்). பக்கத்து சீஃபர்ட்ல என்.ஜி.சி 4151, மெஸ்ஸியர் 77 (ஃபாத் பாத்த அதே 1068தான்) ரெண்டையும் முயற்சி பண்ணலாம். இதுல நம்ம ஊர் பருவம் பெரிய விஷயம். மெஸ்ஸியர் 77 ஐப்பசி கார்த்திகையிலதான் நடுராத்திரி உச்சிக்கு வரும், அப்ப நமக்கு அடைமழை, வருஷத்துக்கு ரெண்டு ராத்திரி தெறந்தா அதிர்ஷ்டம். 3சி 273 கன்னி ராசியில இருக்கு, மாசி பங்குனி சித்திரைதான் அதோட சீசன், நம்ம அட்சரேகையில கிட்டத்தட்ட தலைக்கு நேரே 81 டிகிரி உயரத்துல கடக்கும், காத்து மண்டலம் எவ்வளவு மெல்லிசா முடியுமோ அவ்வளவு மெல்லிசு. சம்பா அறுப்பு முடிஞ்சு தாளடி அறுக்குற நேரம், மெஷின் ஓடுற ராத்திரி மட்டும் தூசிக்காக விட்டுடுங்க, மத்தபடி நல்ல வானம். பங்குனி உத்திரத்தன்னிக்கு வேண்டாம், பௌர்ணமி. ஆனா அந்த உத்திர நட்சத்திரம், அதான் டெனிபோலா, உங்களுக்கு வேணும், ஏ டைப் நட்சத்திரம், ஹைட்ரஜன் கோடு கருப்பா தெளிவா விழும், அலைநீளத்தை காலிப்ரேட் பண்ண அதைத்தான் நான் முதல்ல எடுக்குறது.

3சி 273ஐ ரெண்டு ரெண்டு நிமிஷமா ஒரு மணி நேரம் எடுத்து, படங்களை ஒண்ணு மேல ஒண்ணா ஸ்டாக் பண்ணினேன். ஹெச்-பீட்டா 4861லேர்ந்து நகர்ந்து 5630 கிட்ட ஒரு மேடா நின்னுச்சு. வகுத்தா 1.158, ரெட்ஷிஃப்ட் 0.158, சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி கெளம்பின வெளிச்சம். அதுக்கு மேல எதையும் அந்த டேட்டாவுலேர்ந்து கறக்க முடியாது. கிரேட்டிங்கோட பிரிதிறன் 100 அளவு, அதாவது அந்த இடத்துல 56 ஆங்ஸ்ட்ரத்தை விட சின்ன விவரம் பிரிஞ்சு தெரியாது. 3சி 273ஓட ஹெச்-பீட்டா அகலம் வினாடிக்கு சுமார் 3500 கிலோமீட்டர், அது 66 ஆங்ஸ்ட்ரம். கருவியோட மங்கலும் லைனோட அகலமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, எடை கணக்குக்கெல்லாம் ஆகாது. ஓ-த்ரீ 5800 கிட்ட வந்து விழுது, தெரு டியூப்லைட்ல இருக்கிற பாதரசத்தோட 5770, 5791 லைனும் அங்கதான். எல்.ஈ.டி வந்தப்புறம் கூர்மையான லைன் குறைஞ்சுது, ஆனா 5500லேர்ந்து 6000 வரைக்கும் ஒரே மேடா பின்னணி எழும்புது, கழிக்கிறது செரமம். ஹெச்-ஆல்ஃபா பாக்கலாம்னா அது நகர்ந்து வந்து 7600ல நிக்குது, நம்ம காத்துல இருக்கிற ஆக்சிஜன் சரியா அதே இடத்துல வெளிச்சத்தை முழுங்குது, லைனோட தலையில கடிச்ச மாதிரி பள்ளம் இருக்கும். அப்புறம் பனி. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நம்ம பக்கம் எல்லாமே நனையும், செகண்டரி கண்ணாடிக்கு டியூ ஹீட்டர் இல்லாம எறங்காதீங்க.

ஆர்க்கைவ், அதான் நெட்ல கெடக்குற டேட்டா. எஸ்.டி.எஸ்.எஸ்ன்னா அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல அப்பாச்சி பாயிண்ட்ல இருக்கிற 2.5 மீட்டர் டெலஸ்கோப்போட சர்வே, 2000லேர்ந்து ஓடுது, அதோட 16வது வெளியீட்டுக் குவேசார் கேட்டலாக்ல மட்டும் 7,50,414 குவேசார். எல்லாமே இலவசம், பாஸ்வேர்டு கூட வேண்டாம், ப்ரவுசர்லயே எஸ்.க்யூ.எல் எழுதி எடுக்கலாம். பிரிதிறன் 2000 அளவு, என் மாடியை விட இருபது மடங்கு. இதைப் படிக்கிற டெல்டா பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுது. வெளிநாட்டுப் பெரிய யுனிவர்சிட்டியில இருக்கிற ஆளு எந்த ஃபைலை எறக்குறாரோ அதே ஃபைல்தான் வலங்கைமான்ல உக்காந்து எறக்குறவங்களுக்கும் வருது, ஒரு எண்ணு கூட கொறையாம. இதுக்கு முன்னாடி எந்தத் தலைமுறைக்கும் இது கெடைக்கல.

க்ளாஸ் குவேசார், ரெட்ஷிஃப்ட் 0.1லேர்ந்து 0.7, இசட்-வார்னிங் (ரெட்ஷிஃப்ட்ல சந்தேகம்னா காட்டுற குறி) பூஜ்யம், சிக்னல் டு நாய்ஸ் 10க்கு மேல, இப்படி கேட்டு முதல்ல ஒரு 50 எடுங்க, ஆயிரம் வேண்டாம். அம்பதையும் ஒண்ணொண்ணா கண்ணால பாருங்க. பைத்தான்ல ஆஸ்ட்ரோபை போதும், 8 ஜிபி லேப்டாப் தாராளம். பைக்யூஎஸ்ஓஃபிட்னு ரெடியா ஒரு கோட் இருக்கு, நல்ல கோட், ஆனா முதல் பத்தை நீங்களே எழுதி ஃபிட் பண்ணுங்க, பின்னணிக்கு ஒரு பவர் லா, இரும்பு டெம்ப்ளேட், அகல காசியன் (மணி வடிவ வளைவு) ஒண்ணு, குறுகின காசியன் மூணு, அந்த மூணுக்கும் அகலம் ஒண்ணா கட்டி, ஆக்சிஜனை மூணுக்கு ஒண்ணுன்னு கட்டிடுங்க. அதுக்கப்புறம் ரெடி கோடை ஓட்டினா அது எங்க தப்பு பண்ணுதுன்னு கண்ணுல படும்.

ஒரு பொறி இருக்கு, எனக்கே ரெண்டு வாரம் போச்சு. எஸ்.டி.எஸ்.எஸ் அலைநீளம் வெற்றிட அலைநீளம், புஸ்தகத்துல 5007ன்னு (சரியா சொன்னா 5006.84) இருக்கிறது காத்துல. வெற்றிடத்துல 5008.24. வித்தியாசம் 1.4 ஆங்ஸ்ட்ரம்தான், ஆனா வேகமா மாத்தினா வினாடிக்கு 84 கிலோமீட்டர். எல்லா கேலக்ஸியிலயும் ஆக்சிஜன் நம்மை விட்டு விலகி ஓடுறதா ஒரு பெரிய கண்டுபிடிப்பு பண்ணிட்டதா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொண்ணு, பழைய ஸ்பெக்ட்ரத்துல வெளிச்சத்தைப் பிடிக்கிற ஃபைபரோட விட்டம் வானத்துல 3 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600ஆ பிரிச்சா ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), பக்கத்து கேலக்ஸியா இருந்தா நட்சத்திர வெளிச்சமும் சேந்து உள்ள வந்துரும், 5100ல பிரகாசம் கூடுதலா காட்டும், எடையும் கூடும். அதுக்குத்தான் 0.1க்குக் கீழ போக வேண்டாம்னு சொல்றது.

ஆர்க்கைவ்ல காலமும் இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஒரே குவேசாரை பத்து வருஷம் இடைவெளியில ரெண்டு தடவை எடுத்திருப்பாங்க. 2015ல லமாசா குழு அப்படி ஒண்ணைக் காமிச்சாங்க, 2000ல அகலமா இருந்த ஹெச்-பீட்டா 2010ல காணோம். கருந்துளைக்குத் தீனி கொறைஞ்சுது, லைன் அடங்கிப் போச்சு. என்.ஜி.சி 4151ம் 1984ல கிட்டத்தட்ட இப்படித்தான் ஆச்சு, அப்புறம் திரும்பி வந்துச்சு. ஒரு மனுஷ ஆயுசுக்குள்ள ஒரு கேலக்ஸியோட நடு மாறுறதைப் பாக்க முடியும்னு யாரு நெனைச்சிருப்பா.

காவலூர். ஆலங்காயம் பக்கம் ஜவ்வாது மலையில, நம்ம மாநிலத்துலயே 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப், 1986 ஜனவரியில நாட்டுக்கு அர்ப்பணிச்சது. இதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோட 2 மீட்டர் டெலஸ்கோப் லடாக்ல ஹான்லேயில 4500 மீட்டர் உயரத்துல இருக்கு, பெங்களூர் பக்கம் ஹோஸ்கோட்டேயில உக்காந்துக்கிட்டே சேட்டிலைட் வழியா ஓட்டுறாங்க. கருவி அளவுல ஹெச்-பீட்டாவுக்கு ரெண்டுமே போதும், 16, 17 மேக்னிட்யூட் குவேசார் தாராளமா வரும். பிரச்சனை உங்க காலண்டர்தான். ப்ரொபோசல் எழுதணும், கமிட்டி பாக்கணும், அடுத்த சுற்றுல ராத்திரி ஒதுக்கணும், ஒதுக்கின ராத்திரி மேகம் போட்டா போனது போனதுதான், வடகிழக்குப் பருவமழை அந்த மலையையும் விடாது. டிசம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல தீசிஸ் குடுக்கிற பிள்ளைக்கு இது ஒத்து வராது. கைடு ஏற்கனவே அங்க வேலை பண்றவரா இருந்து ராத்திரி கையில இருந்தா மட்டும் யோசிக்காம போங்க, அது வேற மாதிரி படிப்பு. பிஎச்.டி நெனைப்பு இருக்கிறவங்க இப்ப ஆர்க்கைவ்ல பண்ணி, லைன் மாறின நாலஞ்சு குவேசாரைத் தேடி வச்சுக்கிட்டு, அதுங்க இப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ப்ரொபோசல் எழுதினா அதுல உயிர் இருக்கும்.

அதனால அவகிட்ட சொன்னது இதுதான். ப்ராஜெக்ட் எஸ்.டி.எஸ்.எஸ்ல, ஹெச்-பீட்டாவும் ஓ-த்ரீயும், இரும்போட. காவலூர் அப்புறம். மாடி ப்ராஜெக்டுக்கு இல்ல, ஆனா ஒரு ராத்திரி வந்துதான் ஆகணும்னேன், முகம் கொஞ்சம் சுருங்குச்சு, "ஒரு லைனு, அதுவும் மங்கலா, அதுக்கு எதுக்கு சித்தி ராத்திரி முழுக்க?"ன்னா. எஸ்.டி.எஸ்.எஸ்ல குவேசார் தேடினப்ப 15 மேக்னிட்யூடை விட பிரகாசமா இருக்கிறதை ஃபைபர் போடாம விட்டாங்கம்மா, பக்கத்து ஃபைபர்ல வெளிச்சம் வழியும்னு. 3சி 273 அந்த வரம்பை விட பிரகாசம். ஏழரை லட்சத்துல தேடி எறக்குறதை விட, அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஷ்மிட் முழிச்சுக்கிட்டுப் பாத்த அதே மேட்டை நம்ம மாடியில உன் கையால ஒரு தடவை எடுத்துட்டுப் போ, அப்புறம் நீ ஃபிட் பண்ற ஒவ்வொரு லைனும் உனக்கு வெறும் எண்ணா தெரியாதுன்னேன்.

அதுக்குள்ள தூறல் விழ ஆரம்பிச்சுது, ரெண்டு பேரும் ஓடிப்போய் நெல்லை மூடினோம். மாசி அமாவாசைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. டெனிபோலா எத்தனை மணிக்கு தென்னங்கன்னு உயரத்தைத் தாண்டும்னு இப்பவே ஃபோன்ல கேக்குறா. கஜாவுக்கப்புறம் நட்ட கன்னுங்க, இப்ப மாடி உசரத்துக்கு வந்துடுச்சு.